இருட்டாக இருந்திருக்க வேண்டிய தட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

திங்கட்கிழமை ஆய்வகக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பதறாதே, நலமாகத்தான் இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நான் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று வேதிப்பொருளால் சைகை அனுப்பி, கூட்டம் சேர்ந்ததும் ஒளிரும். அந்தச் சைகைக்கான மரபணுவை நீக்கினால் தட்டு இருட்டாகிவிடும் என்பது எங்கள் பேராசிரியருக்குப் பேர் வாங்கித்தந்த கண்டுபிடிப்பு. நான் நீக்கினேன். ஒவ்வொரு முறையும் ஒளிர்ந்தது.

"நீ குழாயை மாத்தி வெச்சிருப்பே. சாரி சொல்லிட்டு எல்லாத்தையும் தூக்கிப் போடு," என்றார் கூட்டத்தில்.

"மாத்தலை சார். நீங்களே உங்க கையால செஞ்சு பாருங்க."

பக்கத்திலிருந்த தோழி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். "கொழுப்புடி உனக்கு! வேலையை நீட்டிக்க அவர்தானே கையெழுத்துப் போடணும்?"

வாய்தான் எனக்கு எதிரி என்பாய். இருக்கட்டும். கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்ல அந்த வாய்க்கு வராது.

அவரும் சளைக்கவில்லை, அங்கியை மாட்டிக்கொண்டு தானே செய்து வைத்திருக்கிறார். நாளை தெரியும்.

குக்கருக்கு ஒரு ரப்பர் வளையம் அனுப்பு. இங்கே கிடைப்பது பொருந்தவில்லை. விசில் சத்தமில்லாமல் சாப்பிட்டால் யார் வீட்டிலோ சாப்பிடுவதுபோல் இருக்கிறது. பஸ் வந்துவிடும், நிறுத்துகிறேன்.

உன் வாயாடி மகள்

பி.கு.: நேற்று உறையை ஒட்டவில்லை; ஒட்டுமுன் இதையும் எழுதிவிடுகிறேன். இன்று காலை விளக்கை அணைத்துப் பார்த்தோம். அவர் தட்டும் ஒளிர்ந்தது.