வரிசையில் நின்ற வெள்ளைக்காரன் வண்டி

பெத்தேல் மேடு, அலபாமா
நவம்பர் 1937

அன்புத் தம்பி ரான்சமுக்கு,

உன் அண்ணி ஐடெல்லா எழுதுகிறேன். சிகாகோவில் இந்நேரம் பனி விழத் தொடங்கியிருக்கும். நீ வேலை பார்க்கும் இறைச்சிக் கூடத்துக்குள் வெளியைவிடக் குளிர் அதிகம் என்று முன்பு எழுதியிருந்தாய். சட்டைக்கு உள்ளே கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு போ. இருமலை அலட்சியம் செய்யாதே. இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். உன் அண்ணனும் இருக்கிறார்.

உன் கடிதம் வந்தது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். மில் எரிந்ததை நம் ஊரிலிருந்து அங்கே வந்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாய். அவர்கள் நெருப்பைத்தான் பார்த்தார்கள். அதற்கு முன்னால் நடந்தது எனக்கும் உன் அண்ணனுக்கும்தான் தெரியும். அவர் வாய் திறக்க மாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

நீ கடைசியாக வந்திருந்த கிறிஸ்துமஸ் பண்டிகையில் நீங்கள் இருவரும் போட்ட சண்டை இன்னும் என் காதில் இருக்கிறது. "ஓட்டு ஓட்டுன்னு குதிக்கிறியே, ஓட்டா உனக்குச் சோறு போடுது? நம்ம ஆளுக்கு நிலம் இருக்கணும், கடை இருக்கணும், பருத்தி அரைக்க மில் இருக்கணும். அப்போ வெள்ளைக்காரன் தானா நம்ம வாசலுக்கு வருவான்" என்றார் உன் அண்ணன். "வருவான் அண்ணே, தீப்பெட்டியோட வருவான். சட்டம் அவன் கையில இருக்கிற வரைக்கும் உன் மில்லும் அவன் மில்லுதான்" என்றாய் நீ. இருவரும் சாப்பிடாமல் எழுந்தீர்கள். நான் சுட்டு வைத்த பன்றித்தொடையை நாய்கள்தாம் கொண்டாடின.

அதன் பிறகு நீ உங்கள் பத்திரிகையில், பெயர் சொல்லாமல், கோழிக்கூண்டுக்கு ராஜாவாக இருப்பதே போதும் என்று நினைக்கிற ஒரு மில் முதலாளியைப் பற்றி எழுதினாய். அவர் கோபித்துக்கொண்டார் என்றுதானே நினைத்திருப்பாய்? இல்லை. விழுந்து விழுந்து சிரித்தார். முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்து உனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். "கூண்டு என்னோடதுடா, அதைப் பாரு முதல்ல" என்பார். உன் கட்டுரை வந்த வாரமெல்லாம் அவருக்குப் பசி கூடிவிடும்.

அவர் சொன்னபடியே மில்லும் நடந்தது. அதுதான் கொடுமை. ஹாய்ட் துரையின் மில்லில் நம் ஆட்களைத் தராசுக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள். இவர் தராசை வாசலிலேயே வைத்தார். "வந்து பாருங்க, முள்ளு எங்க நிக்குதுன்னு நீங்களே படிங்க" என்பார். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். விளைச்சலில் பங்குக்கு உழுகிறவர்களின் சங்கத்தைச் சேர்ந்த இரண்டு பேர், உன்னைத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு, மில் வளவில் கூட்டம் போட இடம் கேட்டு வந்தார்கள். அவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டார். "இங்க பருத்தி மட்டும்தான் அரைப்போம், வாய் அரைக்கிறதுக்கு வேற இடம் பாருங்க" என்றார். அதைக் கேட்டு வெள்ளைக்காரர்கள் அவரை மெச்சினார்கள். வங்கியில் இருக்கிற துரை உன் அண்ணனைப் பற்றி, லெமுவலைப் போல நாலு பேர் இருந்தால் இந்த மாவட்டத்தில் தகராறே இருக்காது என்று எல்லாரிடமும் சொன்னாராம். அதை உன் அண்ணன் என்னிடம் வந்து சொன்னபோது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை இப்போது நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த வருஷம் பருத்தி பறிப்பு தொடங்கிய சமயத்தில் டாபின்ஸ் என்ற வெள்ளைக்காரன் தன் பருத்தியை ஏற்றிக்கொண்டு நம் மில்லுக்கு வந்தான். அவனும் ஏழைதான். ஹாய்ட் தராசு அவனையும் ஏமாற்றித்தான் வந்திருக்கிறது. முன்னால் மோசெலின் கோவேறு கழுதை வண்டி நின்றது. புருஷனை இழந்து, தனியாக நிலத்தைப் பார்த்துக்கொள்கிறாளே, அந்த மோசெல்தான். டாபின்ஸ் ஒன்றும் சொல்லாமல் அவள் வண்டிக்குப் பின்னால் தன் வண்டியை நிறுத்தி, முறை வரும்வரை காத்திருந்தான். அன்று மத்தியானம் உன் அண்ணன் சாப்பாட்டுக்கு ஓடிவந்தார். "பாத்தியா ஐடா! தராசு சரியா இருந்தா அவன் தோலைப் பாக்கமாட்டான். ரான்சமுக்கு இன்னிக்கே எழுதறேன் பாரு" என்றார். அந்தக் கடிதம் உனக்கு வந்ததா தெரியவில்லை. அடுத்த வாரம் இன்னும் சில வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். நம் ஆட்களுக்குப் பின்னால் அவர்கள் வண்டிகளும் சாலைவரை நின்றன. நான் சன்னல் வழியே பார்த்தேன். எனக்கு மட்டும் அது நல்லதாகப் படவில்லை.

ஹாய்ட் துரை ஒருநாள் காரை நம் வாசலில் நிறுத்தினார். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார். "லெம், நீ நல்ல ஆளு. உன் ஜனங்களுக்கு நீ எது வேணா செய், நான் கேக்கமாட்டேன். ஆனா வெள்ளைக்காரன் ஒரு கறுப்பச்சி வண்டிக்குப் பின்னால நிக்கிறதைப் பாக்க இந்த ஊருக்குப் பிடிக்கல" என்றார். உன் அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "புரியுதுங்க ஐயா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

சொன்னபடியே செய்தார். மறுநாள் டாபின்ஸ் வந்தபோது, தன்னால் முடிந்த அளவு பணிந்து, வெள்ளைக்காரர் பருத்தியை இனிமேல் எடுப்பதற்கில்லை, ஹாய்ட் துரையிடமே கொண்டுபோனால் நல்லது என்று சொன்னார். டாபின்ஸின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. "என்னைப் போகச் சொல்றியா? ஒரு கறுப்பன், என்னை?" என்றான். சாட்டையைச் சொடுக்கி வண்டியைத் திருப்பினான். மோசெலுக்குப் பின்னால் நின்றபோது அவனுக்கு வராத அவமானம் அப்போது வந்தது.

தம்பி, அவர்களை உள்ளே விட்டதும் குற்றம், வேண்டாம் என்றதும் குற்றம். மூன்றாவதாக ஒரு வழி இருந்ததா என்று படுத்துக்கொண்டே தேடிப் பார்க்கிறேன். நீ படித்தவன், உனக்குத் தெரிந்தால் சொல்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில் இருந்தோம். போதகர் சில்ஸ் ஜெபம் செய்துகொண்டிருந்தபோது புகை நாற்றம் வந்தது. பஞ்சு எரிந்தால் எப்படி நாறும் என்று உனக்குத் தெரியும். எல்லாரும் வெளியே ஓடினோம். சாலையை மறித்துக்கொண்டு வெள்ளைக்காரர்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். முகத்தை மூடவில்லை. நல்ல வெயில், எல்லாரையும் அடையாளம் தெரிந்தது. டாபின்ஸும் இருந்தான். ஊரைக் காக்க வேண்டிய ஷெரீப் தன் கார்மேல் சாய்ந்துகொண்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். சாலைக்கு அப்பால் மில் கூரை உள்வாங்கியது. மோசெலின் முதல் பறிப்புப் பருத்தி முழுவதும் உள்ளேதான் இருந்தது.

உன் அண்ணன் தனியாக நடந்து போனார். நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டார். எங்கள் எல்லார் முன்னாலும் ஷெரீபுக்கு எதிரில் போய்த் தொப்பியைக் கழற்றினார். "ஐயா, தீயணைக்கிற வண்டியைக் கூப்பிட்டா விதைக் கிடங்காவது தப்பும்" என்றார். ஷெரீப் கடலைத் தோலை ஊதிவிட்டு, "பஞ்சுத் தூசிதானே லெம். தானா பத்திக்கும். அப்படித்தானே?" என்று கேட்டார்.

உன் அண்ணன் எங்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஆமாங்க ஐயா. தானா பத்திக்கும்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதால்தான் அன்று அத்தனை பேரும் உயிரோடு வீடு திரும்பினோம். அதை நான் அவரிடம் பலமுறை சொல்லிவிட்டேன். மோசெலும் அன்று சாயங்காலம் வந்து தின்பண்டம் ஏதோ கொடுத்துவிட்டு, "லெம் அண்ணே, நீங்க ஒரு தப்பும் பண்ணல. அதை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சாம்பல் ஆறுவதற்குள் ஹாய்ட் துரை மறுபடியும் வந்தார். இந்தத் தடவை காரைவிட்டு இறங்கினார். "உனக்கு நேந்ததுக்கு ரொம்ப வருத்தம் லெம். என் தராசுல நிக்க ஒரு ஆள் வேணும். நீ எடையைச் சொன்னா உன் ஜனங்க நம்புவாங்க" என்றார். மறுத்தால் வீடும் இருக்காது என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

உன் அண்ணன் இப்போது ஹாய்ட் மில்லில் தராசடியில் நிற்கிறார்.

இரண்டாவது பறிப்புப் பருத்தியை மோசெல் அங்கேதான் கொண்டுபோக வேண்டியிருந்தது. வேறு எங்கே போவாள்? ஒவ்வொரு சாக்கையும் தன் தோளில் தூக்கி ஏற்றியவளுக்கு அதன் கனம் தெரியாதா? தராசு முள்ளைப் படிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்ததும் இவர்தான். துரை பக்கத்தில் நிற்க, இவர் குறைத்து எடை சொன்னார். அவள் வண்டியில் இருந்தபடியே முள்ளைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், "சரிங்க லெம் அண்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்று வீட்டுக்கு வந்ததும் அவரே என்னிடம் சொன்னார். "அவ என்னைத் திட்டியிருக்கலாம் ஐடா. மூஞ்சில துப்பியிருக்கலாம்" என்றார். அவர் கடைசியாக என்னிடம் மனம்விட்டுப் பேசியது அதுதான்.

அதற்குப் பிறகுதான் உன் கடிதம் வந்தது. நீ நல்ல மனதோடு எழுதினாய், எனக்குத் தெரியும். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, நீ பேசியதையெல்லாம் மன்னிக்க வேண்டும், தலைநிமிர்ந்து வாழ்ந்தவர் என்றெல்லாம் எழுதியிருந்தாய். சோளரொட்டியும் கீரையும் வைத்துவிட்டு, அவர் மனம் தேறும் என்று நினைத்து, உரக்கப் படித்தேன். அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். "ரான்சம் என்னோட சண்டையை விட்டுட்டானா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார்: "செத்தவன்கூடத்தான் யாரும் சண்டை போடமாட்டாங்க."

சிகாகோவுக்கு வந்துவிடச் சொல்லி அழைத்திருக்கிறாய். கேட்டுப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டார். பத்திரிகையில் இதை எழுதப் போவதாகவும் சொல்லியிருக்கிறாய். எழுதினால் ஊர்ப் பெயரும் எங்கள் பெயரும் வேண்டாம். மோசெலின் பெயரும் வேண்டாம்.

வேறொன்று. வீட்டிலிருந்த துப்பாக்கியைப் போதகர் சில்ஸ் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். அவர் வீட்டுக் கோழிகளைத் தின்ன வரும் மரநாயைச் சுட இரவல் கேட்டார் என்று உன் அண்ணனிடம் சொன்னேன். சரி என்று மட்டும் சொன்னார். எந்த மரநாய் என்றுகூடக் கேட்கவில்லை. அவர் வேலைக்குக் கிளம்பும்போது ஆற்றோரப் பாதையில் போகிறாரா, சாலை வழியே போகிறாரா என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி, உன்னிடம் நான் பணம் காசு கேட்கவில்லை. அவருக்கு ஒரு கடிதம் எழுது. ஆறுதல் சொல்லாதே, மன்னிப்புக் கேட்காதே. கோழிக்கூண்டு ராஜா என்று எழுது. ஓட்டில்லாதவனுக்கு மில் எதற்கு என்று கேள். அவருடைய கொள்கை எப்படியெல்லாம் தப்பு என்று முன்பு போலப் பக்கம் பக்கமாக எழுது. இரக்கமில்லாமல் எழுது. கோபம் வந்து அவர் உனக்குப் பதில் எழுத உட்கார வேண்டும்.

கர்த்தர் உன் கையைப் பலப்படுத்துவாராக. பேனாவை இன்றைக்கே எடு. இந்த ஊருக்குத் தபால் வந்து சேர நாளாகும்.

உன் அண்ணி
ஐடெல்லா பெட்டிஸ்