நங்கை அழுத்திப் பார்க்காத முதல் பெட்டி

என் சம்பூர்ணம் நங்கைக்கு,

நீங்கள் போன இடத்தில் தூசி இருக்கிறதா? இருந்தால் இந்நேரம் ஒரு துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்திருப்பீர்கள். இங்கே எல்லோரும் சுகம். அண்ணன் நேரத்துக்குச் சாப்பிடுகிறார். ருசித்துச் சாப்பிடுகிறாரா என்று மட்டும் கேட்காதீர்கள். ஷெட்டில் வேலைக்குக் குறைவில்லை. போன வாரம் ஒரு பெட்டி பேடு அனுப்பினோம். அதைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்று கூப்பிடுவது எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்து வழக்கம். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஆகாது என்று ஊர் சொல்லும். எங்களுக்கு என்னவோ ஆகிவந்தது. சிங்காநல்லூரில் அண்ணன் கார் பாலிஷ் ஷெட் போட்ட நாளிலிருந்து, மிஷினில் மாட்டும் ஸ்பாஞ்ச் பேடுகளோடுதான் நாங்கள் இருவரும் கிடந்தோம்.

கல்யாணமாகி வந்த மறுநாளே எங்கள் வீட்டில் ஒரு சண்டைக்கு விதை போட்டீர்களே, நினைவிருக்கிறதா? அம்மா கழுவி வைத்த தட்டை முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் சோறு போட்டுக்கொண்டீர்கள். அம்மா முகம் சுண்டிப்போனது. நாங்கள் என்ன தட்டுக் கழுவத் தெரியாதவர்களா என்று பக்கத்து வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள். நீங்கள் பிறந்தது சிமெண்ட் ஆலை இருக்கும் மதுக்கரை. அங்கே காற்றடித்தால் கழுவிய தட்டும் சோறு விழுவதற்குள் வெளுத்துவிடும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அண்ணன்தான் உங்களைச் சீண்டிக்கொண்டே இருப்பார். இப்படித் துடைத்தால் தட்டு தேய்ந்து ஓட்டையாகிவிடும் என்பார். நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொண்டே துடைப்பீர்கள்.

ஊரெல்லாம் சின்னக் கார்கள் பெருக ஆரம்பித்த சமயம் அது. அண்ணன் கடனை உடனை வாங்கி பாலிஷ் மிஷின் வாங்கினார். பேடு வெளியூரிலிருந்து வரும். ஒரு பேடு பல வண்டிகளுக்கு உழைக்கும். அதே பெட்டியில் அதற்குப் பக்கத்தில் இருந்த பேடு ஒரு வண்டி முடிவதற்குள் துகளாக உதிர்ந்து, பெயிண்டின் மேல் வட்ட வட்டமாகக் கோடு போட்டுவிடும். அண்ணன் கரண்டைத் திட்டினார். பாலிஷ் பசையைத் திட்டினார். மிஷினை விற்றுவிட்டு மில் வேலைக்கே திரும்பப் போகிறேன் என்றார். பேடை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. ஒரே நிறம், ஒரே அளவு, எல்லாம் ஒன்றுதானே என்று இருந்துவிட்டோம்.

நீங்கள் முதலில் பிடித்தது எங்கள் மொட்டை மாடியை. எதைக் கழுவினாலும் வெயிலில் போடுவதுதானே நம் வீட்டுப் பழக்கம்? மிளகாய் வற்றலுக்குப் பக்கத்தில் பேடும் காயும். வெயில் பட்ட பேடு மஞ்சளாகி, கிள்ளினால் கையோடு வந்தது. மாடிப்படிக்கு அடியில் நிழலில் கயிறு கட்டினீர்கள். வெயில் இருக்கும்போது இருட்டில் காய வைக்கிற குடும்பம் நாம்தான் என்று அம்மா சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு பேடு பாதியில் உதிர்வது குறைந்தது.

குறைந்ததே தவிர நிற்கவில்லை. உக்கடத்தில் மெத்தைக் கடை வைத்திருக்கும் காசிம் பாயிடம் ஸ்பாஞ்ச் வாங்கி நாமே பேடு வெட்ட ஆரம்பித்த பிறகும், ஒன்று மெத்தென்றும் ஒன்று விறைப்பாகவும் வந்தது. நீங்கள் பாயிடமே போய், இது எப்படிப் பிறக்கிறது என்று கேட்டீர்கள். கூழாக ஊற்றி, மாவு மாதிரி பொங்கி எழுந்து கட்டியாகிறது என்றார் அவர். அடியில் கனம் கூட, மேலே கனம் கம்மி. கேட்டதும் உங்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, ஏதோ நகை வாங்கிக் கொடுத்துவிட்டார் போல என்று நான் கேலி செய்தேன்.

அன்றிலிருந்து மேல் அடுக்கு, நடு அடுக்கு, கீழ் அடுக்கு மூன்றையும் ஒரே பெட்டியில் கலக்கக் கூடாது என்று சட்டம் போட்டீர்கள். இரண்டு பேடை இரண்டு உள்ளங்கைக்கு அடியில் வைத்து ஒருசேர அழுத்துவீர்கள், ஒருசேர விடுவீர்கள். எது சோம்பலாக எழுகிறதோ அதைத் தள்ளி வைப்பீர்கள். கண்ணை மூடிக்கொண்டுதான் செய்வீர்கள். பார்த்தால் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும் அம்மணி என்பீர்கள்.

பல்லடம் பக்கத்துப் பண்ணைக்காரர் வண்டியை நான் மறக்கவே மாட்டேன். மகள் கல்யாணத்துக்குப் போகிற கறுப்புக் கார். கறுப்பில் ஒரு மயிரிழைக் கோடு விழுந்தாலும் மண்டப வாசலில் ஊரே பார்க்கும். பாதி பானெட் முடிந்திருந்தது. பளபளப்பு வந்துகொண்டிருந்தது. நீங்கள் மூடி போட்ட போசிப் பாத்திரத்தில் வேறு பேடுகளை வைத்துக்கொண்டு வந்து, அண்ணனை மிஷினை நிறுத்தச் சொன்னீர்கள்.

"பேடு நல்லாத்தான இருக்குது?" என்றார் அண்ணன்.

"நல்லா இருக்கறப்பவே மாத்திப்போடுங்க. கெட்டதுக்கப்பறம் மாத்துனா, அந்தக் கெடுதி வண்டி மேலதானுங்க இருக்கும்."

வண்டியோடு வந்த டிரைவர் சிரித்துவிட்டார். அண்ணனுக்குக் கோபம் வந்தது, ஆனால் மாற்றினார். கழற்றிய பேடை நீங்கள் புரட்டிக் காட்டியபோது நடுப்பகுதி சூட்டில் இளகி, விரலை வைத்தால் உள்ளே போனது. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் பானெட் முழுக்கக் கோடு விழுந்திருக்கும். டிரைவர் போசியைத் தன் கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டார். அந்த நிமிஷம் உங்களை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். கூட இருக்கிறவர்களிடம் அதையெல்லாம் யார் சொல்கிறார்கள்?

அதற்குப் பிறகு மற்ற ஷெட்டுக்காரர்களும் நம்மிடம் பேடு வாங்க ஆரம்பித்தார்கள். ஆர்.எஸ்.புரத்திலிருந்து ஆள் வரும். காந்திபுரத்தில் பெரிய ஷெட் வைத்திருக்கும் ராமசாமி அண்ணன் வேறு யாரிடமும் வாங்குவதில்லை. அவர் ஒருவரை நம்பித்தான் நம் வெட்டும் வேலை ஓடியது. ஆடியில் காய்ச்சல் என்று படுத்தீர்கள். எழுந்துவிடுவீர்கள் என்றுதான் இருந்தோம். நீங்கள் எழவே இல்லை. உங்கள் உள்ளங்கை அழுத்திப் பார்க்காமல் ஒரு பேடு வெளியே போகும் என்று நான் நினைத்ததே இல்லை.

இனிமேல்தான் போன வாரத்துக் கதை. நீங்கள் போன பிறகு வந்த முதல் ஸ்பாஞ்ச் கட்டி. நான் வெட்டினேன். அண்ணன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, எல்லாம் அருமையாக இருக்கிறது என்று பெட்டி கட்டி, தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்து டவுன் பஸ்ஸில் காந்திபுரத்துக்கு அனுப்பிவிட்டார். மிச்சம் இருந்த பேடுகளை அடுக்கும்போது எனக்குள் ஏதோ உறுத்தியது. இரண்டை எடுத்து உள்ளங்கைக்கு அடியில் வைத்தேன். கண்ணை மூடினேன். அழுத்தினேன், விட்டேன்.

ஒன்று சோம்பலாக எழுந்தது.

அடுக்குகள் கலந்துவிட்டன. அண்ணனிடம் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. உனக்கு நினைப்பு, அவள் கை வேறு உன் கை வேறு என்றார். அது நிஜம்தானே, நங்கை? பெட்டியைத் திருப்பி வாங்கினால் ராமசாமி அண்ணன் வேறு இடம் பார்த்துக்கொள்வார், அதோடு இந்த வெட்டும் வேலைக்கும் பூட்டுதான் என்றார். அதுவும் நிஜம்தான். நான் அந்த இரண்டு பேடையும் அவர் கைக்கு அடியில் வைத்து, கண்ணை மூடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மூடினார். அழுத்தினார், விட்டார், மறுபடியும் அழுத்தினார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது. மொபெட்டை எடுத்துக்கொண்டு காந்திபுரத்துக்குப் போனார்.

அங்கே நடந்ததை வந்து சொன்னார். தயங்கித் தயங்கி, அடுக்கு மாறிவிட்டது, பெட்டியைக் கொடுங்கள், வேறு தருகிறேன் என்றாராம். ராமசாமி அண்ணன் கோபப்படவில்லை. ஒரு பேடுகூட எடுக்காத பெட்டியை உள்ளே இருந்து கொண்டுவந்து வைத்தாராம்.

"உங்க ஊட்டுக்காரம்மாவும் ஒருக்கா இப்பிடித்தானுங்க, அவங்களே பஸ்ஸேறி வந்து திருப்பி வாங்கிட்டுப் போனாங்க. அதுக்கப்பறந்தான் நான் வேற பக்கம் வாங்கறதையே உட்டுப்போட்டேன்."

எங்கள் இருவருக்கும் இது தெரியாது. ஏன் சொல்லவில்லை? அண்ணன் கோபித்துக்கொள்வார் என்றா? இல்லை, இதெல்லாம் சொல்கிற அளவுக்குப் பெரிய விஷயமா என்று நினைத்தீர்களா? எத்தனை யோசித்தும் எனக்கு இரண்டாவதுதான் உங்கள் குணத்துக்குப் பொருந்துகிறது.

நடு அடுக்கை மட்டும் பிரித்து வேறு பெட்டி கட்டி அனுப்பினோம். அண்ணன் ஒரு பக்கம் அழுத்த, நான் ஒரு பக்கம் அழுத்த, நீங்கள் ஒருத்தி செய்த வேலைக்கு இரண்டு ஆள். நேற்று ராமசாமி அண்ணன் மறுபடியும் ஆள் அனுப்பி அதே மாதிரி இன்னொரு பெட்டி கேட்டிருக்கிறார். அதே மாதிரி. அந்த வார்த்தையைக் கேட்க நீங்கள் இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மத்தியானம் அண்ணனுக்குச் சோறு போடப் போனேன். கழுவித்தான் தட்டை வைத்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, தட்டை ஒரு தடவை நிதானமாகத் துடைத்துவிட்டு, இப்போது போடு கண்ணு என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்களுக்கு நான் ஒரு சத்தியம் செய்கிறேன், நங்கை. என் கைக்குச் சந்தேகம் வந்தால் அந்த அடுக்கையே ஒதுக்கிவிடுவேன். பெட்டி ஒரு நாள் பிந்திப் போகும். மாறிப் போகாது. அண்ணன் சாப்பிடும் தட்டில் தூசி விழாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் அங்கே கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்காருங்கள்.

உங்களோடு சண்டை போட ஒரு காரணமும் கிடைக்காத நாத்தனார்,
ருக்குமணி