என்டர் தின்ற வரி

செவ்வாய், இரவு.

தூக்கம் வரவில்லை. சவூதியில் மாட்டிக்கொண்ட கணவனை மீட்கச் சொல்லி ஆன்லைனில் மனுப் போட, இன்று காலை முசிறியிலிருந்து ஒரு பெண் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலுள்ள என் பிரவுசிங் சென்டருக்கு வந்திருந்தாள்.

"ஒவ்வொண்ணையும் தனித்தனி வரியா போடுங்கண்ணே, படிக்கிறவங்களுக்குப் புரியணும்" என்றாள். அப்படியே அடித்தேன். மனுவில் இத்தனை எழுத்துதான் என்று ஒரு வரம்பு உண்டு; திரையில் காட்டிய எண்ணிக்கை அதற்குள்தான் இருந்தது. அனுப்பினால், வரம்பு மீறிவிட்டது என்று திரும்பத் திரும்பத் தள்ளிவிட்டது.

"கடைசி வரிய எடுத்துடுங்கண்ணே. அது என்னைப் பத்தினதுதானே."

எடுத்தேன். மனு போய்விட்டது.

மாலையில் ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவரின் மனுவும் அதேபோல் திரும்பியது. எரிச்சலில் வரிகளையெல்லாம் ஒரே பத்தியாக ஒட்டினேன். ஒரு சொல்கூடக் குறையாமல் போனது! நான் தட்டும் ஒவ்வொரு என்டரையும் திரை ஓர் எழுத்தாக எண்ணுகிறது. மனுவை வாங்கும் அந்தப் பக்கத்து கம்ப்யூட்டர் இரண்டாக எண்ணித் தொலைக்கிறது போலிருக்கிறது. எந்த மடையன் செய்தானோ.

காலையில் அனுப்பிய அவள் மனுவைத் திருத்த வழியில்லை. இன்னொன்று போடவும் விடாது. அவளுக்குப் போன் செய்து என்ன சொல்ல?

எடுத்த வரி கண்ணிலேயே நிற்கிறது: "எனக்கு இது நிறைமாதம், கூட யாரும் இல்லை."