படகில் இருந்து எழுந்து போக முடியாது

ஜூலை 6, ஞாயிறு

காவேரிப்பட்டினத்திலிருந்து அம்மா போன். வழக்கமாக மாங்காயும் மழையும்தான் பேசுவாள். இன்று ஒரு ஆசையைச் சொன்னாள்.

"ஆடி பதினெட்டுக்குக் காவேரிக்குக் கூட்டிக்கினு போ அனிதா கண்ணு. படகு ஏறணும். உங்கப்பாவும் வரணும்."

எனக்குத் தெரிந்து அம்மா எதையும் கேட்டதே இல்லை. எழுபத்து மூன்று வயதில் முதல் தடவை. அப்பாவுக்கு எழுபத்தொன்பது, வலது முழங்கால் மடங்காது. அவரை ஏன் சிரமப்படுத்த வேண்டும் என்றேன். "அவரு இல்லாம நான் ஏற மாட்டேன்" என்றாள். ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் இவ்வளவு பிரியமா! கணவர் ஹரீஷிடம் சொல்லிக் காட்டினேன், பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று. அவர் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஜூலை 9

மதிய இடைவேளையில் ஐந்து ஹோட்டல்களுக்குப் போன் செய்தேன். எல்லாருமே ஆற்றோரம் என்கிறார்கள். ஒருவரிடம் நெருக்கிக் கேட்டால், மொட்டை மாடியில் ஏறினால் ஆறு தெரியுமாம். படகுத்துறைக்கு எத்தனை படி என்று கேட்டேன். "அதையெல்லாம் யாரு மேடம் எண்ணியிருக்கா?"

எங்கள் கம்பெனி தரப் பிரிவில் ஒரு போல்ட்டைக்கூட அளக்காமல் விடமாட்டேன். நேரில் போகப் போகிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஒகேனக்கல். டேப்பும் நோட்டுமாகப் போனேன். அறுபத்தோரு படி. முதல் படி முப்பத்தொரு சென்டிமீட்டர் உயரம். கைப்பிடி கிடையாது, கீழே பாசி. இதில்தான் வயதானவர்களை இறக்குகிறார்களா? திகைத்து நின்றுவிட்டேன். வாட்ச்மேன் கேட்கிறார்: "இங்க வீடு கட்டப் போறீங்களாம்மா?"

ஜூலை 16

ஆற்றில் வெள்ளம். பரிசலுக்குத் தடை. போச்சு.

ஜூலை 20, ஞாயிறு

கிடைத்துவிட்டது! மேட்டூர் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்ன லாட்ஜ். நடத்துகிறவர் பொற்கொடி, என் வயதுதான் இருக்கும். மீன் கூடைகளை மேலே ஏற்றுவதற்காகப் போட்ட சிமென்ட் சரிவு இருக்கிறது. ஒரு படிகூட இல்லை. படகைக் கரையை ஒட்டி இரும்பு வளையத்தில் கட்டுகிறார்கள். இடைவெளி பன்னிரண்டு சென்டிமீட்டர்தான். படகுக்காரர் மதுரைவீரன், ஒரு பலகை போட்டு நாற்காலியும் வைத்துத் தருகிறேன் என்றார்.

நோட்டில் எழுதியிருந்த பதினான்கு விஷயங்களும் சரி. பெருமையாக இருந்தது.

ஜூலை 27, ஞாயிறு

காவேரிப்பட்டினம் போனேன். சாப்பிடும்போது அம்மா, "ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்று ஆரம்பித்தாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குக் கிளம்பிவிட்டார். அது அவருடைய பழைய வழக்கம். யார் பேச்செடுத்தாலும் எழுந்து போய்விடுவார். முட்டிவலிகூட அவரைத் தடுத்ததில்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். "படகு எவ்வளவு நேரம் போவும்?"

"அரை மணி."

"ஒரு மணி நேரமாப் பேசி வை."

சிரித்துவிட்டேன். இந்த வயதில் படகில் ஊர்வலம் கேட்கிறதா இவளுக்கு! அப்பாவை மீன் வறுவல் சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடி பதினெட்டு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சரிவில் அப்பா கம்பை ஊன்றி இறங்கினார், பலகையில் நடந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். "பரவால்லியே" என்றார். நடு நீருக்குப் போனதும் அம்மா, "துடுப்பை வையுங்க தம்பி" என்றாள். பூவும் மஞ்சளும் விட்டாள். பழைய தாலிக்கயிற்றை அவிழ்த்தாள். நான் புதுக் கயிறு வைத்த தட்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் தங்கத்தை மட்டும் உருவினாள். அப்பாவின் சட்டைப் பையில் போட்டாள். கயிற்றை நீரில் விட்டாள்.

"புதுசு வேணாம் கண்ணு."

அய்யோ, அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாரே! உயிரோடு இருக்கிறாரே!

"ஏய், என்ன விளையாட்டு இது?" என்று அப்பா துண்டை எடுத்தார். எழுந்தார். படகு ஆடியது. "அய்யா, உக்காருங்க!" என்று மதுரைவீரன் கத்தினார். அப்பா உட்கார்ந்தார். கரையைப் பார்த்தார். கரை தூரத்தில் இருந்தது.

"தை மாசம் நெஞ்சு வலிக்குது, அனிதாவுக்குப் போன் போடுங்கன்னேன்" என்றாள் அம்மா, என்னைப் பார்த்து. "களியைக் கிண்டி வச்சுட்டுப் படுன்னாரு. கிண்டினேன் கண்ணு. கோலை ரெண்டு கையிலயும் புடிச்சுக்கினு, வேர்வை சட்டியில விழ விழக் கிண்டினேன். தின்னுட்டுத் தோப்புக்குப் போயிட்டாரு."

அப்பா துண்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு நான் செத்திருந்தா, மஞ்சளும் பூவுமாப் போனா மகராசின்னு ஊரே சொல்லியிருக்கும். அந்தப் பேரு எனக்கு வேணாம். ஏழு மாசமாச் சொல்லப் பாக்குறேன். வாயெடுத்தா எந்திரிச்சுப் போயிடறாரு. இங்க எங்க போவாரு?"

ஒரு மணி நேரம் பேசினாள். ஐம்பது வருஷத்தையும் பேசினாள். எல்லாவற்றையும் இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. அப்பா தன் சட்டைப் பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருந்தார்.

கரைக்கு வந்ததும் அம்மா காரில் ஏறி, "ஓசூருக்கு விடு, உன் வீட்டுக்கு" என்றாள். அப்பா வர மறுத்துவிட்டார். பொற்கொடி அவருக்கு வேறு கார் பிடித்து ஊருக்கு அனுப்பினார்.

ஆகஸ்ட் 4

அம்மாவின் மஞ்சள் பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. மாசியில் தனியாகப் பஸ் ஏறிக் கிருஷ்ணகிரி போய்க் காட்டியிருக்கிறாள். எங்கள் டாக்டரிடம் போனில் படித்துக் காட்டினேன். மாரடைப்பு வந்து போயிருக்கிறதாம். சாதாரணமாகச் சொன்னார் அந்த மனிதர்.

தை மாசம் நானும் போன் செய்தேனே. "உங்கம்மா படுத்துக்கினு இருக்கா, வாயு" என்றார் அப்பா. கம்பெனியில் ஆடிட், சரி என்று வைத்துவிட்டேன். ஒரு வார்த்தை, அம்மாகிட்ட குடுங்கன்னு கேட்டிருக்கக் கூடாதா? எனக்கென்ன கேடு வந்தது?

ஆகஸ்ட் 5

பதினான்கு விஷயம் சோதித்தேன். எதுக்கும்மா படகு என்று அம்மாவைக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 11

பக்கத்து வீட்டு ஜெயப்ரியா அம்மாவின் கழுத்தைப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கும் குரலில், "அய்யா எப்போ...?" என்று இழுத்தாள்.

"நல்லா இருக்காரு. தோப்புல இருப்பாரு" என்றாள் அம்மா. ஜெயப்ரியா முகத்தைப் பார்க்க வேண்டுமே! எங்கள் மூக்கண்டப்பள்ளி முழுக்க இந்நேரம் தெரிந்திருக்கும். அம்மா மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் அப்பா போன் செய்தார். அவராகப் போன் செய்வது இதுதான் முதல் முறை.

"அந்தப் படகுத்துறை நம்பர் இருக்கா?"

"எதுக்குப்பா?"

"உங்கம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும். வீட்ல வச்சு எனக்குச் சொல்ல வராது."

அம்மா கூடத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டது. "நம்பரை மட்டும் குடு. மத்ததெல்லாம் அவரே விசாரிக்கட்டும். நீ டேப்பைத் தூக்காதே" என்றாள். கொடுத்துவிட்டு வைத்தேன்.

பத்து நிமிஷத்தில் பொற்கொடி கூப்பிட்டார். "மேடம், உங்கப்பா பேசினாருங்க. அம்மாவுக்கு ஏற எறங்க சிரமமில்லாம இருக்குமா, நெஞ்சு வலிக்காரங்கன்னு கேட்டாரு. பக்கத்துல ஆஸ்பத்திரி எங்கன்னும் கேட்டாரு."

அம்மாவிடம் அப்படியே சொன்னேன். கீரை உருவிய கை நின்றது.

"திரும்பச் சொல்லு" என்றாள்.