என் கணினியில் வருகிறதே

ஜூலை 8, செவ்வாய்
ஊட்டி காந்தலில் விடாத சாரல். வீட்டிலிருந்தே வேலை. பத்து மணிக்குள் நிரலர் மன்றத்தை நான்கு முறை திறந்து பார்த்துவிட்டேன். நான் எழுதி இலவசமாகக் கொடுத்த ஊர்ப்பெயர்த் தேடல் நிரலில் பிழையாம். ஷிஜோ என்றொருவன் எழுதியிருக்கிறான். அதை வைத்து ஓடும் மழை எச்சரிக்கைச் செயலியில் ஸ்ரீமதுரை என்று அடித்தால், "அப்படி ஊர் இல்லை" என்கிறதாம். நானும் அடித்தேன். உடனே வந்தது. 'என் கணினியில் சரியாகத்தான் வருகிறது' என்று பதில் போட்டேன்.

ஜூலை 9
கேரள எல்லையோரம் கூடலூர்க்காரனாம். திரையைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறான். எழுத்தெழுத்தாகப் பார்த்தேன், ஒரு பிழையும் இல்லை. அதுதான் எரிச்சல். 'மலையாளம் கலக்காமல் தமிழ்த் தட்டச்சு பழகிவிட்டு வாருங்கள்' என்று எழுதினேன். அரை மணியில் நாற்பது விருப்பம்.

ஜூலை 10
விருப்பம் நூற்றுப்பன்னிரண்டு. ஷிஜோவிடமிருந்து இவ்வளவுதான்: "எங்க ஆளுகளுக்கு எச்சரிக்கை கிட்டல சாரே. அதை மட்டும் ஒண்ணு நோக்குங்க."
ஜெயித்தவன் நான்தானே? பிறகு ஏன் உட்கார முடியவில்லை?

ஜூலை 11
"ஏனுங்க, சோறு ஆறுது. இன்னுமா அந்தாளோட மல்லுக்கட்டிட்டு இருக்கறீங்க?" என்றாள் காயத்ரி. மல்லுக்கட்டவில்லை, விளக்குகிறேன் என்றேன். தட்டை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூலை 12, சனி
காயத்ரியின் அக்கா சுஜாதா போன் செய்தார். ஸ்ரீமதுரைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். விடியற்காலையில் தொழுவத்துக்குள் வெள்ளம். கன்று ஒன்று போய்விட்டது.
"உங்க ஆப்பைத்தான் நம்பியிருந்தமுங்க தம்பி. அது எங்க ஊரே இல்லைங்குது."
ஊர்ப்பெயரை அவர் போனில் அடித்து அனுப்பச் சொன்னேன். அதை அப்படியே எடுத்து ஒட்டினேன். அப்படி ஊர் இல்லை.
அக்கா கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்தவர். எந்த மலையாளம் கலந்தது?
எழுத்துக் குறியீடுகளைப் பிரித்துப் பார்த்தேன். கண்ணுக்கு ஒரே ஸ்ரீ. உள்ளே இரண்டு. என் விசைப்பலகையில் அது 'ஸ'வில் தொடங்குகிறது. அக்காவின் போனில் 'ஶ'வில். என் நிரலுக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். அவன் முதல் நாளே சொன்னானே — என்னடா பண்ணி வெச்சிருக்கே. கன்னுக்குட்டிய அடிச்சுட்டுப் போற வரைக்கும் லைக்க எண்ணிட்டு இருந்திருக்கே.

ஜூலை 13
திருத்தம் மூன்றே வரி. மன்னிப்பு எழுதத்தான் மூன்று மணி நேரம் ஆனது. காயத்ரி வாங்கிப் படித்தாள். "'ஒருவேளை புண்பட்டிருந்தால்'னு எதுக்குங்க? புண்பட்டாச்சுல்ல?"
அதை எடுத்துவிட்டேன். 'ஷிஜோ சொன்னதே சரி. பிழை என்னுடையது. அவர் தமிழைப் பற்றி நான் எழுதியது கேவலம். மன்னித்துவிடுங்கள்.'

ஜூலை 15
மறுபடி மழை. இந்த முறை அக்கா போனில் எச்சரிக்கை வந்திருக்கிறது. மாடுகளை மேட்டில் கட்டிவிட்டார்களாம்.
மன்னிப்புக்கு விழுந்த விருப்பம் ஒன்றே ஒன்று. ஷிஜோ போட்டது. என் பழைய கிண்டலுக்கு இன்று முந்நூற்று நான்கு. அதை அழிக்காமல், அடியிலேயே மன்னிப்பையும் ஒட்டினேன். ஐந்து நிமிடத்தில் யாரோ ஒருவர் கேட்டிருக்கிறார்: 'எதுக்கு சார் இறங்கிப் போறீங்க? என் கணினியில் சரியாகத்தான் வருகிறது.'