மூன்றாவது சத்தம்

மே 11

அக்கா மகளின் கார் இன்று எங்கள் வாசலில் மூச்சை விட்டது. இன்ஜின் சிங்கமாக உறுமுகிறது, சக்கரம் ஆமையாக நகர்கிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். எண்ணெயை முகர்ந்தேன், கருகல் வாடை. உள்ளே கிளட்ச் தட்டுகள் தீய்ந்துவிட்டன. முகர்ந்தே நோய் சொல்கிறவன் உலகத்தில் நான் ஒருவன், மற்றவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதுதான் அவள் பிழைப்பு. பட்டறைக்காரர் கை வைக்கவே ஒரு மாதம் ஆகுமாம். பள்ளி திறப்பது ஜூன் இரண்டு. அன்றைக்கு வண்டி வராவிட்டால் பெற்றோர்கள் வேறு ஆள் பார்த்துவிடுவார்கள். நானே பிரித்துச் சரிசெய்கிறேன் என்றேன்.

"மாமா, நிஜமா உங்களால முடியுமா?"

"எட்டாவதோட நான் நின்னதே, அதுக்கு மேல எனக்குச் சொல்லிக் குடுக்க அங்க ஆள் இல்லாமத்தான்."

அவள் சிரிக்கவில்லை.

மே 14

கியர்பாக்ஸை இறக்கிவிட்டேன். யானைக்குட்டி கனம். ஒற்றைக் கையால் தாங்கினேன். ஜாக்கியும் கொஞ்சம் தாங்கியது.

மே 19

புதுத் தட்டுகளைப் போடுமுன் எண்ணெயில் ஊற வைக்க வேண்டும். வீட்டுக்காரியின் பெரிய பாத்திரம் அளவெடுத்தாற்போல் இருந்தது.

"இனிமே அதுலதான் உங்களுக்குச் சோறு" என்றாள்.

மே 23

எல்லாம் அடுக்கி முடித்தபின் ஒரு வளையம் மிஞ்சியது. கம்பெனிக்காரன் தெரியாமல் ஒன்று கூடுதலாகப் போட்டுவிட்டான் என்று வீட்டுக்காரிக்கு விளக்கினேன். சாயங்காலம் மறுபடி பிரித்து அதை உரிய இடத்தில் மாட்டினேன். இதை அவளுக்கு விளக்கவில்லை.

மே 27

இன்று கன்வெர்ட்டர். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உட்காரும் பூசணிக்காய். சுழற்றிச் சுழற்றி அமுக்க வேண்டும். ஒவ்வொரு படி இறங்கும்போதும் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். மூன்று வர வேண்டும்.

இரண்டு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கேட் சாத்தியதையும் சேர்த்தால் மூன்று.

மே 28

கியர்பாக்ஸைத் தூக்கி இன்ஜினோடு சேர்த்தேன். நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. போல்ட்டை முறுக்கினால் ஒட்டிக்கொள்ளும் என்று இரண்டு போல்ட்டை மாட்டி இறுக்க ஆரம்பித்தபோது அக்கா மகள் வந்து நின்றாள்.

"மாமா, பட்டறைக்காரர் போன்ல சொன்னாரு. கன்வெர்ட்டர் சரியா உக்காராம போல்ட்டை இறுக்கினா உள்ள பம்ப் ஒடைஞ்சிருமாம். சத்தம் கேட்டுச்சா?"

"கணீர்னு."

"எத்தனை?"

மூன்று என்று சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. "நாலு" என்றேன். "அழுத்தின அழுத்து அப்படி."

"மொத்தமே மூணு படிதான் மாமா."

அவள் சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். ஸ்பானரை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு, படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். யாருக்காக நான் இந்த நாலாவதைச் சொன்னேன்? அவளுக்காகவா? பம்ப்பு ஒடைஞ்சா ஜூன் ரெண்டு அவ்வளவுதான்டா, பெரிய மனுசா.

போல்ட்டைக் கழற்றினேன்.

மே 29

மூன்றாவது வந்தது. அவளும் கேட்டாள்.

ஜூன் 2

வண்டி நிறையப் பிள்ளைகளோடு காலையில் எங்கள் தெருவைத் தாண்டிப் போனது. ஹாரன் அடித்தாள். எதிர்வீட்டுக்காரர் எத்தனை நாள் பிடித்தது என்று கேட்டார். மூன்றே நாள், பாதி வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தேன் என்றேன். அவர் நம்பினார், பாவம்.

மதியம் வந்தாள். இன்ஜினை அணைக்காமலே கேட்டாள்.

"மாமா, கியர் ரெண்டுலேர்ந்து மூணுக்கு மாறும்போது லேசா ஒரு உதறல். இருக்குல்ல?"

என் கியர்பாக்ஸில் உதறலா என்று தொண்டை வரை வந்துவிட்டது.

"இருக்கு. நானும் நேத்து கவனிச்சேன். ஓட ஓடச் சரியாகலாம். ஆகலேன்னா திரும்பப் பிரிக்கணும்."

"பிள்ளைங்களை ஏத்தலாமா?"

"ஏத்தலாம்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்பச் சரி" என்று பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவரப் புறப்பட்டாள்.