பேசாமல் நடந்த காலைகள்

12 ஜூலை 2004, திங்கள்

பெண்ணாடத்தில் என் தம்பி மகள் கல்யாண விருந்துக்கு என்னோடு வந்த என் வீட்டுக்காரர், மண்டப வாசலோடு திரும்பி பஸ் ஏறிவிட்டார். சொந்தக்காரர்கள் முன்னால் எனக்குத் தலைகுனிவு. வீட்டுக்கு வந்து நன்றாகக் கத்தினேன்.

அதிலிருந்து காலை நடையில் அவர் என்னோடு பேசுவதில்லை. சர்க்கரைக்காகத்தான் இருவரும் நடக்கிறோம். வீம்பு என்று நினைத்து நானும் வாயைத் திறக்காமல் முன்னால் வேகமாக நடந்தேன். பீங்கான் கம்பெனியில் மண் மூட்டை சுமந்தவருக்கு நடை ஒரு பொருட்டா? இரவிலும் கட்டிலை விட்டு நாற்காலியில் போய்ச் சாய்ந்துகொண்டார். என் பக்கத்தில் படுக்கக்கூடப் பிடிக்கவில்லை என்று அழுதேன்.

இன்று அவர் கால் வீங்கியதால் டாக்டரிடம் போனோம்.

"நடக்கும்போது பேச முடியுதா?" என்று கேட்டார் டாக்டர்.

"பேசினா மூச்சு வாங்குது சார். படுத்தா அடைக்குது. ஒக்காந்தாதான் தூக்கம் வருது."

இதயம் தளர்ந்துவிட்டதாம். நடைக்கு ஈடுகொடுக்க முடியவில்லையாம். படுத்தால் நுரையீரலில் நீர் கோர்க்கிறதாம்.

"எங்கிட்ட ஏங்க சொல்லல?" என்றேன்.

"நீ கோவமா இருந்தியே, ஸ்டெல்லா."

மெல்ல நடந்து வீடு திரும்பினோம். வழியில் கோயில் மதிலைப் பிடித்து நின்றார். "நீ ஏதாச்சும் பேசிக்கிட்டே வா. நான் கேட்டுக்கிட்டு வரேன்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த மண்டபத்தில் பந்தி மாடியில் போட்டிருந்தார்கள். இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.